ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது வில்லும் புது டயரும் வேண்டுமா?



தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த உடல், பளபளக்கும் சக்கரங்கள், உறுமும் எஞ்சின். இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உங்களைக் கடந்து போனால் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்கமாட்டீர்கள். நானும் பார்ப்பேன். அதில் தவறில்லை. ஆனால் அத்தகைய காரை வாங்கும் சிலர் முதல் மாதத்திலேயே ஒரு காரியம் செய்கிறார்கள். தொழிற்சாலையில் பொருத்திய சுருள்வில்களைக் கழற்றிவிட்டு, விறைப்பான வேறு வில்களைப் போடுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள டயர்களை எடுத்துவிட்டு, இன்னும் அகலமான டயர்களை மாட்டுகிறார்கள். “கம்பெனிக்காரன் செலவைக் குறைக்கத்தான் பார்ப்பான். மீதியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்” என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதம் சரியா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுச்சாலையில் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் இந்த மாற்றம் தேவையில்லை. தேவைப்படும் இடத்திலும் டயரைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டும். வில்லைப் பற்றிக் கடைசியில் யோசிக்க வேண்டும். இதை நான் சொல்வதனால் நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள இயற்பியலைக் கொண்டே சோதித்துப் பார்ப்போம், வாருங்கள்.

நான்கு அஞ்சலட்டைகள்

ஒரு கார் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு தெரியுமா? கணக்குப் போடலாம். ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை 1,300 கிலோ என்று கொள்வோம். டயரில் 33 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ அழுத்தமாகும். 1,300-ஐ 2.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 565 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். அதை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 140. அதாவது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய பரப்பு!

வண்டி ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் இந்த நான்கு அஞ்சலட்டைகளின் தயவில்தான். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் சரி, பிரேக் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் சரி, இந்தப் பரப்பின் வழியாகத்தான் அவை தங்கள் வேலையைச் செய்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனித்தீர்களா? டயரின் அகலம் இதில் வரவே இல்லை. எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால், அகலமான டயர் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. பரப்பின் வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் திரும்பும்போது இதனால் ஓரளவு நன்மை உண்டு. ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அகலமான டயருக்கு நீரை ஒதுக்கித் தள்ளுவது கடினம். அது நீரின் மேல் மிதந்து வழுக்கத் தொடங்கும் வேகம் குறைந்துவிடுகிறது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் இது நம்மோடு வரும்.

அழிப்பான் சொல்லும் கணக்கு

ஒரு சோதனை செய்வோம். ஒரு மரப்பலகையின் மேல் உங்கள் அழிப்பானை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அழிப்பான் சறுக்கத் தொடங்கும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். 39 பாகை என்றால் குணகம் ஏறக்குறைய 0.8. 45 பாகை என்றால் 1. இப்போது பலகையில் தண்ணீர் தெளித்து மீண்டும் சோதியுங்கள். கோணம் எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

கார் வளைவில் திரும்பும்போது மையநோக்கு விசையைத் தருவது இந்த உராய்வுதான். வண்டி வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகத்தின் வர்க்கம், குணகம், புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம். ஆரம் 50 மீட்டர், குணகம் 0.8 என்று கொண்டால், உச்ச வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். நல்ல டயர் போட்டுக் குணகத்தை 1-ஆக உயர்த்தினால் 80 கிலோமீட்டர். ஈரச் சாலையில் குணகம் 0.4-ஆகக் குறைந்தால் வெறும் 50 கிலோமீட்டர்.

பிரேக் போடுவதற்கும் இதே கதைதான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, குணகம் 0.8 என்றால் பிரேக் பிடித்தபின் சுமார் 25 மீட்டரில் நிற்கும். குணகம் 1 என்றால் 20 மீட்டரில் நிற்கும். குணகம் 0.4 என்றால் 51 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு இந்த ஐந்து மீட்டர் வித்தியாசம் சாதாரண விஷயமன்று. ஆகவே நல்ல டயர் ஆடம்பரப் பொருள் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் காக்கும் பொருள் என்றே சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 71 கிலோமீட்டரில் வழுக்கும் வண்டியைவிட 80 கிலோமீட்டரில் வழுக்கும் வண்டியிடம் இயக்க ஆற்றல் 25 சதவீதம் அதிகம். பிடிப்புக் கூடிய டயரை நம்பி வேகத்தையும் கூட்டினால், பிடி தவறும் கணத்தில் விழும் அடியும் பலமாகவே இருக்கும். கிடைத்த ஐந்து மீட்டரைப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்கிறோமா, வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

வில்லின் வேலை என்ன?

இனிச் சஸ்பென்ஷனுக்கு வருவோம். வண்டியின் உடலைச் சக்கரங்களின்மேல் தாங்கி நிற்கும் அமைப்புக்குத்தான் இந்தப் பெயர். சுருள்வில்லும், எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளும் இதன் முக்கிய உறுப்புகள். வில் மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வில்லை அப்படியே விட்டால் அது ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை, சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை.

பயணிகளின் சுகத்துக்காக மட்டுமே சஸ்பென்ஷன் இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். டயரைத் தரையைவிட்டு எழவிடாமல் அழுத்தி வைப்பதே அதன் தலையாய வேலை. காற்றில் நிற்கும் டயருக்கு உராய்வு ஏது?

இங்கே ரப்பரின் ஒரு விசித்திரக் குணத்தை நீங்கள் அறிய வேண்டும். சுமை இரு மடங்கானால் உராய்வு விசையும் இரு மடங்காகும் என்று பாடத்தில் படிக்கிறோம். டயர் ரப்பர் இந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. சுமை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்கைவிடச் சற்றுக் குறைவாகவே உயர்கிறது. ஆகவே ஒரு சக்கரத்தின் சுமையை எடுத்து மற்றொன்றின்மேல் போட்டால், ஒன்று இழப்பதை மற்றொன்று முழுதாக ஈடுகட்டாது. சுமை எவ்வளவு சீராகப் பங்கிடப்படுகிறதோ அவ்வளவு நல்ல பிடிப்பு.

வளைவில் வண்டி சாய்வதைப் பார்த்து, “வில்லை விறைப்பாக்கினால் சுமை வெளிச்சக்கரத்துக்குப் போகாது” என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தச் சுமையை நிர்ணயிப்பவை திரும்பும் முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம் ஆகியவையே. ஈர்ப்பு மையம் 46 சென்டிமீட்டர் உயரத்திலும், சக்கரங்கள் ஒன்றரை மீட்டர் இடைவெளியிலும் இருக்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுக் குணகம் 0.8 அனுமதிக்கும் உச்ச வேகத்தில் அது திரும்பும்போது, மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு வெளிப்பக்கம் போய்விடும். வில் விறைப்பானால் உடலின் சாய்வு குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி சட்டென்று பதில் சொல்லும். சக்கரம் நிற்கும் கோணமும் அதிகம் மாறாமல் இருக்கும். இவை உண்மையான நன்மைகளே. ஆனால் சுமை மாற்றம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும்.

அதே விறைப்பான வில்லோடு கரடுமுரடான சாலைக்கு வாருங்கள். ஒவ்வொரு குழியிலும் சக்கரத்தின் சுமை ஏறி இறங்குகிறது. சிலவேளை சக்கரம் துள்ளி எழுகிறது. ஓட்டுநருக்கு வண்டி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் பிடிப்புக் குறைந்திருக்கும். பந்தயக் களத்தின் தளம் மழமழப்பானது. அங்கே விறைப்பான வில் வெல்லும். ஊர்ச் சாலையில் அதே வில் தோற்கும்.

சுருள்வில்லை அறுத்து வண்டியைத் தாழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். பத்துச் சுற்று உள்ள வில்லில் இரண்டை அறுத்தால், மீதி எட்டுச் சுற்றின் விறைப்பு ஒன்றேகால் மடங்காகிவிடும். சக்கரம் மேலெழுவதற்கான இடமோ குறைந்துவிடும். பழைய வில்லுக்கென்று அமைத்த ஷாக் அப்சார்பரால் இந்தப் புதிய வில்லை அடக்க முடியாது. ஒன்றைத் தொட்டால் மூன்று கெடுகிறது பாருங்கள்.

டொயோட்டா 86 தரும் பாடம்

இப்போது உண்மையான ஒரு காரைப் பார்ப்போம். 2012-இல் ஜப்பானில் டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கிய வண்டி இது. 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், ஏறக்குறைய 1,240 கிலோ எடை. அதன் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்ந்தது. சற்றுமுன் நாம் கணக்கில் எடுத்துக்கொண்ட 46 சென்டிமீட்டர் இந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவுதான்.

ஆனால் அதில் பொருத்திய டயரைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள். 215 மில்லிமீட்டர் அகலமே உள்ள மிஷெலின் பிரைமசி டயர் அது. டொயோட்டாவின் சிக்கன வண்டியான பிரியசிலும் இதே ரக டயர் போடப்பட்டதுண்டு. “ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிக்கன டயரா? கம்பெனி கஞ்சத்தனம் செய்துவிட்டது!” என்று பேச்செழுந்தது. உடனே டயரை மாற்றியவர்கள் ஏராளம்.

உண்மையில் அது கஞ்சத்தனமன்று. அந்த வண்டியின் தலைமைப் பொறியாளரான டெட்சுயா டாடாவும் அவருடைய குழுவினரும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த டயர் அது. பிடிப்பு மிக அதிகமானால், வண்டியின் எல்லை எங்கே என்பது மிகுந்த வேகத்தில்தான் ஓட்டுநருக்குத் தெரியவரும். மிதமான பிடிப்பு இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி தன் குணத்தைக் காட்டிவிடும். ஓட்டுநர் அதைக் கற்றுக்கொள்ளலாம். சற்றுமுன் இயக்க ஆற்றலைப் பற்றிச் சொன்னேனே, அதை நினைத்துப் பாருங்கள். அந்த வண்டியின் வில், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் எல்லாம் அந்த டயரோடு சேர்த்து இசைகூட்டப்பட்டவை. வீணையில் ஒரு தந்தியை மட்டும் முறுக்கினால் சுருதி சேருமா?

இதே வண்டியின் அடுத்த தலைமுறை 2021-இல் வந்தது. அதில் எஞ்சின் 2.4 லிட்டராயிற்று. உயர்ந்த வகைகளில் 18 அங்குலச் சக்கரமும், பிடிப்பு மிகுந்த டயரும் தரப்பட்டன. ஆனால் டயர் மட்டும் தனியே மாறவில்லை. வண்டியின் உடல் முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூட்டப்பட்டது. வில்லும் ஷாக் அப்சார்பரும் புதிதாக அமைக்கப்பட்டன. மேம்படுத்துவது தவறு என்று உற்பத்தியாளர் சொல்லவில்லை. மேம்படுத்தினால் முழுவதையும் சேர்த்து மேம்படுத்து என்று செய்து காட்டினார்.

கம்பெனி தவறே செய்யாதா?

நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் வருந்துவேன். கம்பெனிகளும் தவறு செய்வதுண்டு.

அமெரிக்காவில் ஷெவ்ரலே கோர்வேர் என்ற கார் 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்தது. எஞ்சின் பின்பக்கத்தில் இருந்ததால் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்களின்மேல் விழுந்தது. பின் சஸ்பென்ஷனோ எளிய வகை. இதைச் சமாளிக்க முன்டயரில் 15 பவுண்டும் பின்டயரில் 26 பவுண்டும் காற்றடைக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. இப்படி நுட்பமான காற்றழுத்த வேறுபாட்டை நம்பிப் பாதுகாப்பை அமைக்கலாமா? 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர், கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் முதல் அத்தியாயத்தையே இந்த வண்டிக்கு ஒதுக்கினார். 1964 மாடலில் பின்பக்கம் கூடுதல் பட்டைவில் சேர்க்கப்பட்டது. 1965 மாடலில் பின் சஸ்பென்ஷனே புதிதாக்கப்பட்டது. அக்காலத்து மற்ற வண்டிகளைவிட அது மோசமானதன்று என்று 1972-இல் அமெரிக்க அரசின் ஆய்வறிக்கை சொன்னது. ஆயினும் மாற்றம் தேவையாக இருந்தது என்பதைக் கம்பெனியின் செயலே காட்டிவிட்டது.

ஜெர்மனியின் ஆடி டிடி இன்னொரு சான்று. 1998-இல் வந்த இந்த அழகிய ஸ்போர்ட்ஸ் காரில், மிகுந்த வேகத்தில் திடீரெனத் தடம் மாறும்போதும் வளையும்போதும் விபத்துகள் நேர்ந்தன, உயிர்களும் போயின. விற்ற வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. பின்பக்கம் காற்றுத் தடுப்புத் தகடு பொருத்தியது, சஸ்பென்ஷனைத் திருத்தியது, வழுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் போடும் மின்னணுச் சாதனத்தையும் சேர்த்தது.

இந்த இரண்டு கதைகளும் என் வாதத்துக்கு எதிரானவையா? நன்றாக யோசியுங்கள். தொழிற்சாலைப் பொறியாளர்களே, சோதனைக் களங்கள் இருந்தும் தவறினார்கள். அவ்வளவு நுட்பமான சமநிலை இது. அளவுகோலோ சோதனைக் களமோ இல்லாமல், கடையில் தொங்கும் வில்லின் நிறத்தைப் பார்த்து வாங்கி மாட்டுகிறவர் தவறமாட்டாரா?

முன்னா, பின்னா?

அந்தச் சமநிலையில் முக்கியமானது முன்பின் சமநிலை. முன்டயர்கள் முதலில் பிடி இழந்தால் வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்டயர்கள் முதலில் பிடி இழந்தால் வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். தேர்ந்த ஓட்டுநருக்கே அதை மீட்பது கடினம். ஆகவே சாலை வண்டிகளில் முன்பக்கம் முதலில் பிடி இழக்குமாறு உற்பத்தியாளர்கள் சற்றே சாய்த்து வைக்கிறார்கள். நீங்கள் பின்பக்க வில்லை மட்டும் விறைப்பாக்கினாலோ, இரண்டு புதுடயரை முன்னால் மட்டும் மாட்டினாலோ, உங்களை அறியாமல் இந்தப் பாதுகாப்பைத் தலைகீழாக்கிவிடுகிறீர்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள் என்று டயர் நிறுவனங்கள் சொல்வதன் காரணமும் இதுதான்.

எப்போது மாற்றலாம்?

அப்படியானால் மாற்றவே கூடாதா? கூடும். பந்தயக் களத்தில் ஓட்டப் பழகுபவருக்கு விறைப்பான வில்லும் சூட்டைத் தாங்கும் டயரும் வேண்டும். பனி விழும் நாடுகளில் கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடுவதால் குளிர்கால டயர் வேண்டும். தேய்ந்த டயரையும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரையும் எங்கும் உடனே மாற்ற வேண்டும். ஆனால் காரணம் முதலில், மாற்றம் பிறகு.

நாளை உங்கள் அண்ணனோ மாமாவோ இப்படி ஒரு வண்டியோடு வந்தால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. காற்றழுத்தம் கதவோரச் சீட்டில் உள்ள அளவில் இருக்கிறதா? டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கின்றனவா? டயர் எப்போது செய்யப்பட்டது? அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். சக்கரங்களின் கோணம் சரிபார்க்கப்பட்டதா? இவை அனைத்தும் சரியாக இருந்த பிறகும் குறை தெரிந்தால், அது என்ன குறை? எந்த வேகத்தில், எந்தச் சாலையில் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவரே மாற்றத் தகுதி உடையவர். அவரும் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைப் பார்த்து, அதன்பின் அடுத்ததைத் தொட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதைத்தானே?

ஒருவர் படைத்ததை மாற்றுவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அறிவியல் வளர்ந்ததே அந்தத் துணிவினால்தான். ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று அறிந்தபின் மாற்றுவதுதான் மேம்படுத்துதல். அறியாமல் மாற்றுவது வெறும் சூதாட்டம். அந்தச் சூதில் பணயமாக வைக்கப்படுவது ஓட்டுநரின் உயிர் மட்டுமன்று, சாலையோரம் நடந்து செல்லும் உங்கள் உயிரும்தான்.